ராகுகாலத்தார் வீட்டு ரயில்

சிறுவேலங்குடிக்கு ரயில் வராமல் போனதற்குக் காரணம் ஒன்றரை மணி நேரம். இதை அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள். நீங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொள்வதற்குள் டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் ஆரம்பித்துவிடுவார்.

சங்கதி இதுதான். 1903ஆம் வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணிக்குச் சற்று மேலே, சர்வே துரை ஒருவர் குதிரையில் வந்து ஊர்ப் பெரியவர் ஆதிமூலத்தின் வாசலில் இறங்கினார். கையில் ஒரு காகிதம். ரயில் பாதைக்கு நிலம் கொடுக்க ஊருக்குச் சம்மதம் என்று ஒரே ஒரு கையெழுத்து வேண்டும். ஆதிமூலத்துக்கு முழுச் சம்மதம். பேனாவை வாங்கினார், மைக்கூட்டில் தொட்டார், வாசலில் விழுந்திருந்த நிழலைப் பார்த்தார், பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ராகுகாலம். "நாலரைக்கு மேல போட்டுத் தாரேன், அதுவரைக்கும் மோர் குடியுங்க" என்றார். துரை மோரைக் குடித்தார். அப்புறம் குதிரையில் ஏறி, ஐந்து மைல் தள்ளியிருந்த மணியங்கோட்டைக்குப் போய்விட்டார். அவர் அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி நாலே முக்கால். ராகுகாலம் முடிந்திருந்தது. மணியங்கோட்டைக்காரர் சந்தோஷமாகப் போட்டுக் கொடுத்தார்.

மணியங்கோட்டை இன்றைக்கு ஜங்ஷன். ஆறு பிளாட்ஃபாரம், நாலு நகைக்கடை, ஒரு மெடிக்கல் காலேஜ். சிறுவேலங்குடியில் ஒரு பஸ் ஸ்டாண்டு இருக்கிறது. அதில் பெரும்பாலும் ஆடுகள் நிற்கும்.

அன்றைக்குப் பிடித்த சனியன், ஆதிமூலத்தின் வம்சத்துக்கே 'ராகுகாலத்தார் வீடு' என்று பெயர் விழுந்துவிட்டது. இப்போது அந்தப் பெயரைச் சுமப்பவர் ஆவுடையப்பன். ஆதிமூலம் அவருக்குப் பூட்டனார், அதாவது தாத்தாவின் அப்பா. ஆவுடையப்பனுக்கு ஐம்பத்தாறு வயது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மோட்டார் காயில் கட்டும் கடை. ஒரு பம்புசெட் மோட்டாரைத் திருப்பிக் கொடுக்க ஒரு நாள் தாமதமானால் போதும், "என்ன வே, ராகுகாலம் முடியட்டும்னு வச்சிருக்கீரா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். மகள் உலகுவைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட பஜ்ஜியைத் தின்றுகொண்டே, "அந்த ரயில் வீடு நீங்கதானா?" என்று கேட்டார்கள். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள். அந்தச் சிரிப்புதான் ஆவுடையப்பனுக்கு ஆகாது.

இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டிருந்திருப்பார். விஷயம் கல்லுக்குப் போனதுதான் வம்பாகிவிட்டது.

பஸ் ஸ்டாண்டைப் புதுப்பித்தார்கள். வியாபாரிகள் சங்கத் தலைவரும் ரைஸ் மில் முதலாளியுமான பூதப்பாண்டி, தம் சொந்தச் செலவில் ஏழடி உயரக் கருங்கல்லில் ஊர் வரலாற்றை வெட்டி வாசலில் நிறுத்துவதாக அறிவித்தார். ஆவுடையப்பன் கல் வெட்டும் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தார். பென்சிலால் கோடு போட்டு, எழுதி வைத்திருந்தார்கள். மூன்றாம் பத்தியில்: 'ஆதிமூலம் என்பவர் ராகுகாலம் பார்த்த காரணத்தால் நம் ஊர் ரயில் நிலையத்தை இழந்தது.'

உலகு அப்போது ஏழு மாதக் கர்ப்பம். பிறக்கப்போகிற பேரப்பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகும்போது, பஸ் ஸ்டாண்டில் முதன்முதலாகப் படிக்கப்போவது இந்த வரியைத்தான். வாயால் சொன்னால் மறுத்துச் சொல்லலாம். கல்லோடு யார் மல்லுக்கட்டுவது?

நேரே ரைஸ் மில்லுக்குப் போனார்.

"அந்த வரியை எடுத்திரும்."

"வரலாறு வே!" என்றார் பூதப்பாண்டி. "நடந்ததை எப்படி எடுக்க?"

"நடந்ததைத்தான எழுதணும்? 'போட்டிருந்தா வந்திருக்கும், வந்திருந்தா ஊரு பெரிசாயிருக்கும்'கிறது நடந்ததா? அதை எவன் கண்டான்?"

பூதப்பாண்டி யோசித்தார். யோசிக்கும்போது அவர் மீசையைக் கடிப்பார். "கண்டுக்கிடலாமே. அதுக்குத்தான் வண்டி வருதுல்லா" என்றார்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வரலாற்றுத் தகராறு தீர்வுத் துறை என்று ஒன்றை அரசாங்கம் தொடங்கி மூன்று வருஷம் ஆகிறது. எந்த ஊரிலாவது பழைய பஞ்சாயத்து ஒன்று தீராமல் புகைந்துகொண்டிருந்தால், ஒரு நீல நிற வேன் வரும். அதற்குள் ஒரு கருவி. வரலாற்றில் ஒரே ஒரு நிகழ்ச்சியை மாற்றிச் சொன்னால், அப்படி நடந்திருந்தால் இன்றைக்கு அந்த இடம் எப்படி இருக்கும் என்று திரையில் காட்டும். நாற்பது நிமிஷம். ஒரு ஊருக்கு ஒரு முறைதான். துறைக்குள் அதற்குப் பெரிய பெயர் ஏதோ இருந்தது. ஜனங்கள் அதை 'இருந்திருந்தா வண்டி' என்றார்கள்.

பேச்சு முடிந்தது. ரயில் வந்து ஊர் செழித்திருப்பதாக வண்டி காட்டினால், கல்லில் வரி நிற்கும். இல்லையென்றால் வரி போகும். அதுவரை அந்த வாசகம் பிடிக்கும் நாலு வரி இடத்தை மட்டும் விட்டு, மற்றதை வெட்டி பஸ் ஸ்டாண்டு வாசலில் நிறுத்தச் சொன்னார்கள்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டிய வண்டி நாலு முப்பத்தைந்துக்கு வந்தது. அதிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். முப்பது வயதிருக்கும், நாகர்கோவில் பக்கம், ஜெபராணி என்று பெயர். அவளே டிரைவர், அவளே இன்ஜினியர், அவளே ரிஜிஸ்டர் எழுதுகிறவள்.

"மன்னிச்சிருங்க. மணியங்கோட்டை ரயில்வே கேட்டுல மாட்டிக்கிட்டேன். மூணு வண்டி போச்சு" என்றாள்.

கூட்டம் ஆவுடையப்பனைத் திரும்பிப் பார்த்தது. அதற்கும் அவர்தான் காரணம் என்பது போல.

ஜெபராணி விண்ணப்பத்தை நீட்டினாள். "ஊர் சார்புல ஒருத்தர் கையெழுத்துப் போடுங்க. உடனே போட்டாத்தான் முடியும். ஆறு மணிக்கு நான் மணியங்கோட்டையில இருக்கணும்."

"அவனுவளுக்கு என்ன தகராறாம்?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார்.

"ரயில் வராம இருந்திருந்தா ஊரு நிம்மதியா இருந்திருக்குமான்னு பாக்கணுமாம்."

பூதப்பாண்டி கம்பீரமாக முன்னால் வந்தார். பேனாவை வாங்கினார். கையைத் தூக்கினார். தூக்கின கையில் வாட்ச் இருந்தது. மணி நாலு நாற்பது.

ஞாயிற்றுக்கிழமை. நாலரை முதல் ஆறு.

அவர் கை அப்படியே நின்றது. கூட்டத்தில் ஒரு இருமல் கேட்டது. எல்லாருக்கும் தெரியும்.

"ஏம்மா," என்றார் பூதப்பாண்டி, குரலைத் தேனாக்கிக்கொண்டு, "ஒரு... ஆறு மணிக்கு மேல வச்சுக்கிட்டா ஒண்ணும் முழுகிராதே? சர்பத் குடிக்கியா?"

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நூற்று முப்பது வருஷமாக இந்த வாய்தானே எங்கள் வீட்டைக் கிண்டல் செய்தது! "என்ன வே தலைவரே, துரைக்கு மோரு, அம்மாவுக்கு சர்பத்தா?" என்றார்.

"அது வேற வே, இது வேற! அது ரயில் சமாச்சாரம். இது ஊர்க் காரியம், நல்லது கெட்டது பாக்காண்டாமா?" பூதப்பாண்டிக்கு முகம் கறுத்துவிட்டது. பேனாவை ஆவுடையப்பன் பக்கம் நீட்டினார். "அவ்வளவு தைரியம்னா நீரு போடும். உம்ம வழக்குத்தான?"

சத்தியமாகப் போட வேண்டும் என்றுதான் ஆவுடையப்பன் கையை நீட்டினார். கை போகவில்லை. ரயிலை இழந்த குடும்பம், மேற்கொண்டு எதையும் இழக்கக் கூடாது என்று ராகுகாலம், எமகண்டம், கரிநாள், அஷ்டமி, நவமி எல்லாவற்றையும் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு பார்த்து வந்த குடும்பம். பேனா நடுவில் நின்றது. ஜெபராணி வாட்சைப் பார்த்தாள்.

"எங்க துறையில எல்லாருக்கும் தெரியும்" என்று பெருமூச்சு விட்டாள். "ராகுகாலம் ஒன்றரை, எமகண்டம் ஒன்றரை. தினம் மூணு மணி நேரம் வண்டி சும்மா நிக்கும். யாராவது ஒரு ஆள், மணி பாக்காம கையெழுத்துப் போடுற ஒரு ஆள், எனக்கு உதவிக்குக் கிடைச்சா போதும்னு மேல எழுதிப் போட்டிருக்கேன்."

"இங்கன குடுங்க" என்று ஒரு குரல் கேட்டது. ஆவுடையப்பனின் மனைவி சங்கரவடிவு. அதுவரை பெண்கள் பக்கத்தில் நின்றிருந்தவள், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, பேனாவைப் பிடுங்கி, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள். தெளிவாக, முழுப்பெயரும் எழுதி, கீழே தேதியும் போட்டாள்.

"ஆச்சு. ஓட்டுங்கம்மா" என்றாள்.

வேனின் பக்கவாட்டில் திரை விரிந்தது. கருவி சூடாகிற நேரத்தில் டீக்கடைக்காரர் கேட்டார்: "இதுல வாறது நெசமா, சினிமாவா?"

"எங்க ஆபீஸ்லயே ரெண்டு கட்சி இருக்கு அண்ணாச்சி" என்றாள் ஜெபராணி. "ஒரு கட்சி, இது வெறும் கணக்குன்னு சொல்லும். பஞ்சாங்கம் கிரகணத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லுற மாதிரி. இன்னொரு கட்சி, இல்ல, அப்படி ஒரு ஊரு நெசமாவே இருக்கு, நாம ஜன்னல் வழியா எட்டிப் பாக்கோம்னு சொல்லும்."

"நீங்க எந்தக் கட்சி?"

"நான் டிரைவர் கட்சி" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

சிறுவேலங்குடி ஜங்ஷன்.

மஞ்சள் பலகையில் கொட்டை எழுத்தில் பெயரைப் பார்த்ததும் கூட்டம் விசிலடித்தது. ஏழு பிளாட்ஃபாரம்! மணியங்கோட்டையைவிட ஒன்று அதிகம்! எஸ்கலேட்டர். வெளியே மேம்பாலம். ஆடு மேயும் பொட்டலில் பத்து மாடி ஆஸ்பத்திரி. நகைக்கடை எத்தனை என்று எண்ணி முடியவில்லை. ஜெபராணி காட்சியை நகர்த்த நகர்த்த ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். பூதப்பாண்டி ஆவுடையப்பனைப் பார்த்தார். மீசையை நீவிக்கொண்டார். ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். பேரப்பிள்ளை கல்லை எழுத்துக் கூட்டிப் படிப்பது அவர் காதில் கேட்டது.

திரையில் ஸ்டேஷன் டீக்கடை ஒன்று வந்தது. ஒரு கிழவர் கிளாஸை ஆற்றிக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம் அலுத்துக்கொண்டார்: "ஒரே திருட்டு, ஒரே தூசி, வாடகை எரியுது. எங்கிட்டு வெளங்கும்? ஆதிமூலம்னு ஒரு கிறுக்கன் ராகுகாலத்துல கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்த ரயிலுல்லா இது!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "அங்கயும் திட்டு வாங்குதாரு பாரு!" ஆவுடையப்பனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. போட்டாலும் ஏச்சு, போடாவிட்டாலும் ஏச்சு. பாவம், பூட்டனார் எந்த உலகத்தில்தான் நிம்மதியாக இருப்பார்?

"தூசி எங்கதான் இல்ல? ஊரு செழிப்பாத்தான இருக்கு" என்றார் பூதப்பாண்டி. "வரி நிக்கும். சரி, நம்ம ரைஸ் மில்லைக் காட்டும்மா. பெரிய மில்லா ஆயிருக்கும்லா."

ஜெபராணி அவருடைய கட்டைவிரலைக் கருவியில் வைக்கச் சொன்னாள். கருவி முகத்தையும் ரேகையையும் வைத்துக்கொண்டு தேடியது. திரையில் வந்தது: இல்லை.

"இல்லைன்னா? வெளியூர் போயிருக்கனோ?"

"இல்ல அண்ணாச்சி. நீங்க பிறக்கல."

சிரிப்பு நின்றது. டீக்கடைக்காரர் விரலை வைத்தார். இல்லை. பஞ்சாயத்து கிளார்க், பூக்காரம்மா, கல் வெட்டுகிறவர், ஒருவர் பின் ஒருவராக முண்டியடித்து வந்தார்கள். இல்லை, இல்லை, இல்லை. ஆவுடையப்பனும் வைத்தார். இல்லை.

"அதெப்படிம்மா? எங்க தாத்தா அப்பவே இருந்தாருல்லா?" என்றார் கிளார்க்.

ஜெபராணிக்கு முகம் சிவந்துவிட்டது. "தாத்தா இருப்பாரு. ஆனா ரயில் வந்த ஊர்ல தாத்தா வேற வேலைக்குப் போவாரு, வேற நேரத்துக்கு வீட்டுக்கு வருவாரு. வேற பொண்ணைக் கட்டியிருப்பாரு. இல்ல, அதே பாட்டியைத்தான் கட்டுனாருன்னே வச்சுக்கோங்க. ராத்திரி ரயில் சத்தத்துல முழிச்சு, ஒரு தடவை புரண்டு படுத்தா போதும். பிறக்கிற பிள்ளை வேற பிள்ளை."

ஊரே அந்தப் புரளலை யோசித்துப் பார்த்தது. பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்து, அடக்கிக்கொண்டார்கள்.

"அப்ப இவனுவல்லாம் யாரு?" பூதப்பாண்டி திரையைக் காட்டிக் கத்தினார். "நம்ம ஊர்ல, நம்ம மேம்பாலத்துல, நம்ம எஸ்கலேட்டர்ல! எவனோ ஏறிப் போறானே!"

"அது அவங்க ஊரு அண்ணாச்சி. நீங்க 'நமக்கு ரயில் வந்திருந்தா'ன்னு கேட்டீங்க. ரயில் வந்திருந்தா 'நாம' இல்ல."

பூதப்பாண்டி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் மீசையைக் கடித்தார். பிறகு எழுந்து ஆவுடையப்பனிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"வே, உங்க பூட்டன் அன்னைக்குப் போட்டிருந்தா, நானும் இல்ல, எம் பிள்ளையளும் இல்ல. ஒரு மோரைக் குடுத்து எங்க எல்லாரையும் காப்பாத்தியிருக்காருல்லா வே!" பஸ் ஸ்டாண்டு கருங்கல்லைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நாலு பேர் கும்பிட்டால் நாற்பது பேர் கும்பிடுவதற்கு எவ்வளவு நேரமாகும்? யாரோ குலவையே போட்டுவிட்டார்கள்.

ஆவுடையப்பன் வானத்தில் மிதந்தார். நூற்று முப்பது வருஷத்து அழுக்கு ஒரே சாயங்காலத்தில் போயிற்று. உலகுவுக்கு உடனே போன் போட வேண்டும்.

"இன்னும் மூணு நிமிஷம் இருக்கு" என்றாள் ஜெபராணி. "அக்கா, கையெழுத்துப் போட்டது நீங்க. நீங்க மட்டும்தான் தேடிப் பாக்கல."

"எனக்கு எதுக்கும்மா?" என்றாள் சங்கரவடிவு. ஆனால் விரலை வைத்துவிட்டாள்.

கருவி தேடியது. திரை கறுத்தது. பிறகு ஒரு அறை வந்தது.

ஒரு மேசை, மூன்று டெலிபோன், சுவரில் சிவப்பும் பச்சையுமாக மினுங்கும் பலகை. வெள்ளை யூனிஃபார்மில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலையில் நரை, மூக்கில் கண்ணாடி. போனை எடுத்து, "எட்டாம் நம்பர் கேட்டு அடைச்சாச்சா? அடைச்சிட்டு என்கிட்ட பேசும்" என்று அதட்டினாள். அதே குரல். எண்ணெய்க் கடையில் அளவு குறைந்தால் எழும் அதே குரல். மேசையில் பெயர்ப்பலகை: சங்கரவடிவு, ஸ்டேஷன் மாஸ்டர்.

"நம்ம ஆவுடையப்பன் வீட்டுக்காரிலா!"

"இவங்க எப்படிப் பிறந்தாங்க?" என்று கேட்டார் கிளார்க், கொஞ்சம் பொறாமையோடு.

"ஒரு மாத்தத்தோட அலை எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி போகாது" என்றாள் ஜெபராணி. "அக்கா எந்த ஊரு?"

"மேல மலையில, தேயிலை எஸ்டேட்டு" என்றாள் சங்கரவடிவு, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "எங்களுக்கு பஸ்ஸே எனக்குப் பத்து வயசாகும்போதுதான் வந்துது. ரயில் எங்க ஓடினா எங்களுக்கென்ன?"

அப்போது திரையில் அறைக்கதவு திறந்தது. ஒரு ஆண், முதுகு மட்டும் தெரிந்தது, கையில் டிபன் கேரியரோடு உள்ளே வந்தான். ஸ்டேஷன் மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள். அவன் முகத்தைத் திருப்பப் போன நேரத்தில் திரை அணைந்துவிட்டது.

"நாற்பது நிமிஷம் முடிஞ்சுது" என்றாள் ஜெபராணி.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஆவுடையப்பன் பூட்டனாரை மறந்துவிட்டார்.

"அவன் யாரு?"

"எவன்?"

"டிபன் கேரியரு."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்கனயா இருக்கேன்? போர்ட்டரா இருக்கும்."

"போர்ட்டரைப் பாத்தா அப்படிச் சிரிப்ப?"

"சோறு கொண்டாந்தா சிரிக்க மாட்டாங்களா? எனக்கு இருபத்தெட்டு வருஷத்துல எவரும் கொண்டாந்ததில்ல, அதனால தெரியல" என்றாள் சங்கரவடிவு.

வீட்டில் விளக்கைப் போட்டுவிட்டு, ஆவுடையப்பன் சமாதானமாகப் பேச்சை எடுத்தார். "என்ன இருந்தாலும், நம்ம ஊருக்கு ரயில் வந்திருந்தா நீ ஸ்டேஷன் மாஸ்டரா ஆயிருப்ப. எங்க பூட்டனார் உனக்கு மட்டும் ஒரு கெடுதல் பண்ணிட்டாரு, பாரேன்."

சங்கரவடிவு அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்து வந்தாள். மடித்த இடமெல்லாம் பழுத்துப்போயிருந்த ஒரு காகிதம்.

உதவி ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்கான உத்தரவு. மணியங்கோட்டை ஜங்ஷன். ஆகஸ்ட் நாலாம் தேதிக்குள் சேர வேண்டும்.

"கல்யாணம் முடிஞ்சு ரெண்டாம் மாசம் வந்துது" என்றாள். "ஆகஸ்ட் நாலு. ஆடி பத்தொன்பது. 'ஆடியில போய் யாராவது வேலைக்குச் சேருவாங்களா? ஆவணி ஒண்ணாம் தேதி சேரலாம், லெட்டர் போட்டுக் கேட்டுக்கிடலாம். ரெண்டு வாரந்தான, என்ன முழுகிப் போகுது'ன்னு சொன்னிய. லெட்டரும் நீங்கதான் போட்டிய. அவங்க காத்திருக்கல."

ஆவுடையப்பன் காகிதத்தைப் பார்த்தார். அவருக்கு நினைவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து நினைவு வந்தது. லெட்டரைத் தபால் பெட்டியில் போட்டது, அதையும் நல்ல நேரம் பார்த்துப் போட்டது, எல்லாம் வந்தது.

"பூட்டனாரை ஏன் இழுக்கிய?" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "அவ அங்கன உக்காந்திருக்கது ரயில் வந்ததால இல்ல. அங்கன நீங்க இல்ல, அதனால."

ஆவுடையப்பனுக்கு வெட்கமாக இருந்தது. எதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டார். நூற்று முப்பது வருஷமாக ஊர் தன் வீட்டைச் சொன்னதெல்லாம் அபாண்டம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். இப்போது ஒரே ஒரு ஆள், சொல்ல வேண்டிய ஆள், இருபத்தெட்டு வருஷமாக ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

"ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"மறந்துட்டேன். மறந்துட்டேன்னுதான் நெனச்சிருந்தேன். இன்னைக்கு அவ போனை எடுத்து அதட்டுனாள்லா, அப்பத்தான் தெரிஞ்சுது."

"அங்கன உலகு இல்லையே" என்றார் ஆவுடையப்பன், கடைசித் துரும்பைப் பிடித்துக்கொண்டு.

"இல்லதான். அவளுக்கு உலகு இல்ல, எனக்கு அந்த நாற்காலி இல்ல. ரெண்டையும் தராசுல வச்சுப் பாக்கச் சொல்லுதியளா? உலகைக் குடுன்னா குடுக்கவே மாட்டேன். அதுக்காக நாற்காலி வேண்டாம்னு எப்பச் சொன்னேன்?" அவள் காகிதத்தை மடித்து மறுபடியும் கவரில் வைத்தாள். "அவளும் நானும் ஒண்ணா வேறயான்னு தெரியல. ஆனா அவளைப் பாத்ததுல எனக்குப் பொறாமை இல்ல, கேட்டேளா? பெருமையாத்தான் இருந்துது. சாப்பிட வாங்க."

புதன்கிழமை பூதப்பாண்டி காயில் கடைக்கே வந்துவிட்டார். கல்லுக்குப் புது வாசகம் எழுதிக் கொண்டுவந்திருந்தார்: 'தெய்வத்திரு ஆதிமூலம் அவர்கள் தம் ஞானத்தால் ரயிலைத் திருப்பியனுப்பி, நம் அனைவருக்கும் பிறவி தந்தார்.'

"எப்படி வே? பொன்னெழுத்துல வெட்டப்போறோம். ராகுகாலத்தார் வீடுன்னா இனிமே மரியாதை வீடு!"

ஒரு வாரத்துக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் ஆவுடையப்பன் பூதப்பாண்டியைத் தூக்கிச் சுற்றியிருப்பார். இப்போது காகிதத்தை வாங்கி, இரண்டு தரம் படித்து, அடித்துவிட்டார்.

"என்னத்தையா ஞானம்? அவரு நம்மளை நெனச்சா பேனாவைக் கீழ வச்சாரு? நெழலைப் பாத்தாரு, வச்சாரு. நீரு வாட்சைப் பாத்தீரு, நின்னீரு. நானும் நின்னேன்."

பழைய மோட்டார் ஒன்றின் மேல் காகிதத்தை வைத்து, மறுபக்கத்தில் எழுதினார்: 'ஆதிமூலம் என்பவர் ராகுகாலம் பார்த்ததால் இவ்வூருக்கு ரயில் வரவில்லை. அவர் இடத்தில் நாங்கள் இருந்தாலும் பார்த்திருப்போம்.'

பூதப்பாண்டி மீசையைக் கடித்துக்கொண்டு படித்தார். மறுத்துச் சொல்ல வாயெடுத்தார். சர்பத் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "நாலு வரிக்குள்ள அடங்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் இதைச் சொன்னபோது சங்கரவடிவு, "'ஒருத்தியைத் தவிர'ன்னு சேத்திருக்கலாம்" என்றாள். கல்லில் இடம் இல்லை என்றார் ஆவுடையப்பன். சொன்னது பொய்யில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜெபராணி போன் செய்தாள். மேலே எழுதிப் போட்டிருந்தாள் அல்லவா? ஆள் போட அனுமதி வந்துவிட்டது. வண்டியோடு ஊர் ஊராகப் போக வேண்டும். விண்ணப்பம் எழுதி, கூட்டத்தை அதட்டி, மணி பாராமல் வண்டியை ஓட வைக்க வேண்டும். வயது ஒரு பொருட்டில்லை. சம்மதமென்றால் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மணியங்கோட்டை ஜங்ஷன் வாசலில் சேர வேண்டும்.

"வாறேன்" என்றாள் சங்கரவடிவு. யாரிடமும் கேட்கவில்லை.

ஆவுடையப்பன் மெதுவாக எழுந்துபோய் நாள்காட்டியைப் பார்த்தார். அப்படி ஒரு நாளைச் சல்லடை போட்டுத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆடி மாதம். அஷ்டமி. கரிநாள். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது ராகுகாலம், அதில் நட்ட நடுவே எட்டு மணி. ஒரு பெண் வேலைக்குச் சேர்வதைத் தடுக்க வேண்டும் என்றே உட்கார்ந்து யோசித்து அச்சடித்த நாள் போல இருந்தது. மூன்று நாளும் அவர் நாள்காட்டிப் பக்கமே போகாமல் சுற்றிப்போனார்.

திங்கட்கிழமை காலை ஏழு முப்பத்தைந்துக்குச் சங்கரவடிவு செருப்பை மாட்டினாள். ஆவுடையப்பன் வாசலில் நின்றார். வாயைத் திறந்தார். அவள் நின்று, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தாள்.

"குடை" என்றார்.

அவள் குடையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ் முக்கில் திரும்பி மறைந்தபிறகு உள்ளே வந்தவர், அடுப்படி மேடையில் அவள் கட்டி வைத்த டிபன் கேரியர் அப்படியே இருப்பதைப் பார்த்தார்.

ஜங்ஷன் வாசலில் நீல வேன் நின்றது. சங்கரவடிவு மூக்குக்கண்ணாடியோடு ரிஜிஸ்டரில் முதல் கையெழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஜெபராணி எதையோ சொல்ல, "முதல்ல வண்டியை நெழல்ல நிறுத்துங்கம்மா, பெறகு பேசலாம்" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். அப்போது முன்னால் யாரோ வந்து நிற்கிற நிழல் தெரிந்து நிமிர்ந்தாள். வேர்த்து விறுவிறுத்து, கையில் டிபன் கேரியரோடு ஆவுடையப்பன்.

அவள் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஆவுடையப்பன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தார், அதுவும் வேறொருவனுடைய முதுகுக்குப் பின்னால் நின்று.

"என்ன, இந்நேரத்துல கிளம்பி வந்திய? மணி என்ன தெரியுமா?"

"பாக்கல" என்றார் ஆவுடையப்பன்.

பச்சைப் பொய். பஸ்ஸில் வரும்போதே மூன்று தடவை பார்த்திருந்தார்.